டாக்டரிடம் சொல்ல வேண்டியது, ஊருக்குச் சொல்ல வேண்டாதது
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு பெண்கள் ஆரோக்கியம். போன வருஷமும் இதே தலைப்புதான். ரத்தசோகை, முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் எல்லாம் பேசியாச்சு. நம்ம தருமபுரிக்காரங்களுக்குக் கேழ்வரகைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. அதனால இந்த வருஷம் வேற ஒண்ணு பேசுறேன்னு தலைவி அக்காகிட்ட முன்கூட்டியே கேட்டேன். அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "மைக்செட் தம்பியை டீ குடிக்க அனுப்பிட்டுப் பேசு"ன்னு சொன்னாங்க. தம்பி போயாச்சு. இப்போ நாம மட்டும்தான் இருக்கோம்.

விஷயம் இதுதான். புருஷன் பொண்டாட்டி ஒண்ணா இருக்கிற விஷயத்தைப் பற்றி டாக்டர் கேட்டால் நாம என்ன பதில் சொல்றோம், வீட்டில் என்ன சொல்றோம், யாருக்கு எதைச் சொல்லணும், யாருக்கு எதைச் சொல்ல வேண்டியதே இல்லை. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. அறிவியல் புத்தகத்தில் அந்தப் பாடம் வந்தபோது எங்க டீச்சர், "இதை வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. வீட்டில் யார் சொல்லித் தருவாங்க? கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்து, கிராம சுகாதார செவிலியர் அம்மாகிட்டயும் பெரிய ஆஸ்பத்திரி வரிசையிலயும் நின்னு நின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் பேசுறேன்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்றேன். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன், நீங்களும் யோசிச்சுக் கண்டுபிடிக்க வேண்டாம். அவகிட்ட கேட்டுத்தான் பேசுறேன். கல்யாணமாகி 3 வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. ஒண்ணரை மாசத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பிடுவார். வீடு ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. திரைக்கு அந்தப்பக்கம் மாமியார், மாமனார், நாத்தனார். மூச்சு விட்டாலும் கேட்கும்.

மாமியார் கெட்டவங்க இல்ல. மருமகளைக் கூட்டிக்கிட்டு டவுனில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. டாக்டர் முதல் கேள்வியே, "ரெண்டு பேரும் ஒழுங்கா ஒண்ணா இருக்கீங்களாம்மா?" பதில் சொன்னது யார் தெரியுமா? மாமியார். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க டாக்டர்." மருமக தலையைக் குனிஞ்சுக்கிட்டா. டாக்டரும் எழுத ஆரம்பிச்சிட்டார். ஸ்கேன், ரத்த டெஸ்ட், மாத்திரை, ஊசி. திரும்ப ஸ்கேன். இப்படியே ரெண்டு வருஷம். செலவு 38,000 ரூபாய். அதில் 25,000 நம்மைப் போல ஒரு குழுவில் வாங்கின உள்கடன். தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு, குழந்தையின்மை"ன்னு எழுதி, கூட்டத்தில் சத்தமா வாசிச்சு, எல்லோரும் கையெழுத்துப் போட்டாங்க. இதைப் பற்றிப் பிறகு சொல்றேன்.

உண்மை என்னன்னா, அந்த ரெண்டு பேரும் ஒரு நாளும் முழுசா ஒண்ணு சேரவே இல்லை. அவளுக்கு ஒவ்வொரு தடவையும் உயிர் போற வலி. அவரும் பயந்துபோய் விட்டுடுவார். நல்ல மனுஷன், கட்டாயப்படுத்தல. ஆனா ரெண்டு பேரும் இதைப் பற்றி ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசினது கிடையாது. இதை யாரிடம் சொல்வா? அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. மாமியார்கிட்ட சொன்னா பையன் மேல குறை சொன்ன மாதிரி ஆயிடும். கருமுட்டை வளர மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே இருந்தா. எந்த மாத்திரை சாப்பிட்டு என்ன?

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர், பழைய சீட்டெல்லாம் புரட்டிப் பார்த்துட்டு மாமியாரிடம், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க"ன்னு சொல்லிட்டு அவளைத் தனியாக் கேட்டாங்க. அஞ்சு நிமிஷம்தான். ரெண்டு வருஷமா வராத பதில் அந்த அஞ்சு நிமிஷத்தில் வந்தது. டாக்டர் திட்டல, சிரிக்கல. "இது நிறையப் பேருக்கு இருக்கும்மா. பயத்தில் உள்ளே தசை தானா இறுகிக்கும், நீ வேணும்னு செய்றதில்ல. சொல்லிக் கொடுத்தா, பயிற்சி பண்ணினா சரியாகும்"னு சொல்லியிருக்காங்க. அடுத்த முறை வீட்டுக்காரரையும் வரச் சொல்லி ரெண்டு பேரிடமும் பேசினாங்க. மாதவிலக்கு 28 நாளுக்கு ஒரு தடவை வருதுன்னா, சுமாரா 14ஆம் நாள்பக்கம்தான் கருமுட்டை வெளியே வரும், நீங்க ஊருக்கு வர்ற நாள் அதுக்குப் பக்கத்திலேயே வரலையேன்னு காலண்டரை வச்சுக் காட்டினாங்க. அவருக்கும் விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வருஷத்தில் அவரை ஒரு டெஸ்டும் எடுக்கச் சொல்லலை. குழந்தை இல்லைன்னு போனா முதலிலேயே செய்ய வேண்டிய சுலபமான டெஸ்ட் அதுதான். ஊசி கிடையாது, வலி கிடையாது.

இப்போ அவளுக்குக் குழந்தை இருக்கா இல்லையான்னு நீங்க கேட்பீங்க. நான் சொல்ல மாட்டேன். அது அவ விஷயம்.

வக்கீல்கிட்டயும் வைத்தியர்கிட்டயும் பொய் சொல்லக்கூடாதுன்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. ஆனா உண்மையைச் சொல்ல இடம் வேணுமே! நாலு பேர் நிக்கிற வரிசையில், ஓ.பி. சீட்டு எழுதுற இடத்திலேயே "என்னம்மா, வெள்ளைப்படுதா?"ன்னு சத்தமாக் கேட்டா யார் ஆமாம்னு சொல்லுவா? "வயித்து வலி"ன்னுதான் சொல்லுவோம். வயித்து வலி மாத்திரையோட வீட்டுக்கு வருவோம். அதனால நாமதான் வாய் திறந்து கேட்கணும். "டாக்டர், நான் தனியாப் பேசணும்." இவ்வளவுதான். கூட வந்தவங்க முன்னாடி அதையும் சொல்ல முடியலைன்னா ஒரு துண்டுப் பேப்பரில் வீட்டிலேயே எழுதி எடுத்துட்டுப் போய் ஓ.பி. சீட்டோட சேர்த்து நீட்டுங்க. இல்லைன்னா சிறுநீர் டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்கல்ல, அப்போ நர்சம்மாகிட்ட சொல்லுங்க. மாமியார்களுக்கும் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. டாக்டர் கேள்வி கேட்டா மருமகளைப் பதில் சொல்ல விடுங்க. திரைக்கு அந்தப்பக்கம் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

(இந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நம்ம மூத்த அத்தை ஒருவர், "தெரியாமலா?" என்று கேட்டு இன்னும் சிரிக்க வைத்தார்.)

சிரிச்சாச்சு, இப்போ சிரிக்க முடியாத ஒண்ணு. நம்ம வயசு தாண்டின ஒரு அக்கா. 45க்கு மேல. பிள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. வீட்டுக்காரரோட ஒண்ணா இருந்த பிறகு லேசா ரத்தம் படும். "இந்த வயசில் இதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா, பேரன் எடுத்தாச்சே"ன்னு வெட்கம். தீட்டு நிற்கிற வயசு, அப்படித்தான் கண்டபடி படும்னு தானே முடிவு பண்ணிக்கிட்டாங்க. நர்சம்மா வீட்டுக்கு வந்து கேட்டப்பகூட, "மாசாமாசம் சரியா வரலை"ன்னுதான் சொன்னாங்களே தவிர, எப்போ படுதுன்னு சொல்லலை. ஒரு வருஷத்துக்கு மேல போச்சு. இடுப்பு வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முத்திப்போச்சு. அந்த அக்கா இப்போ இல்லை.

ஒண்ணா இருந்த பிறகு ரத்தம் படுறது, தீட்டு நின்னு ஒரு வருஷம் ஆன பிறகு திரும்ப ரத்தம் படுறது, நாத்தத்தோட வெள்ளைப்படுறது, இந்த மூணில் எது இருந்தாலும் அன்னைக்கே போகணும். ஒண்ணுமே இல்லைன்னாலும் 30 வயசு தாண்டினவங்களுக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை உண்டு. காசு கிடையாது. காடி மாதிரி ஒரு திரவத்தைத் தடவிப் பார்ப்பாங்க. மாற்றம் இருந்தா அந்த இடம் வெள்ளையாத் தெரியும். சில நிமிஷ வேலை. புற்றுநோயாக மாறுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சா சரி பண்ணலாம்.

இதில் இன்னொரு பயம் இருக்கு. அந்த நோய்க்குக் காரணமான கிருமி ஒண்ணா இருக்கிறதால பரவுதுன்னு கேள்விப்பட்டதும் வீட்டில் சண்டை. "நீ எங்க போன?" "நீங்க எங்க போனீங்க?" அந்தக் கிருமி உடம்பில் வந்து புற்றுநோயாக மாற பத்து, பதினஞ்சு வருஷம்கூட ஆகும். எப்போ, யாரிடமிருந்து வந்ததுன்னு யாராலும் சொல்ல முடியாது. கல்யாணம் ஆனவங்களில் ஏகப்பட்ட பேர் உடம்பில் வந்து, தானாவே போயிடுற கிருமி அது. அதை வச்சு யார் நடத்தையையும் அளக்க முடியாது. 9 வயசில் இருந்து 14 வயசுக்குள் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டா நல்லாப் பலன் இருக்கும்னு டாக்டர்கள் சொல்றாங்க. பேத்தி இருக்கிறவங்க விசாரிச்சு வைங்க.

வெள்ளைப்படுறதைப் பற்றியும் இப்படித்தான். எல்லா வெள்ளைப்படுதலும் நோய் இல்லை, எல்லாமே புருஷனால வந்ததும் இல்லை. சர்க்கரை இருந்தாலும் அரிப்போட தயிர் மாதிரி படும். ஆனா சில தொற்று ரெண்டு பேருக்குமே இருக்கும். மனைவி மட்டும் மாத்திரை சாப்பிட்டு, கணவர் சாப்பிடலைன்னா திரும்பத் திரும்ப வரும். அப்படிப்பட்ட நேரம் வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது? "உங்களாலதான் வந்தது"ன்னு ஆரம்பிச்சா பேச்சு அங்கேயே முடிஞ்சது. "டாக்டர் ரெண்டு பேருக்கும் மாத்திரை எழுதியிருக்காங்க, முடியிற வரைக்கும் தள்ளி இருக்கச் சொன்னாங்க"ன்னு சொல்லலாம். பொய் ஒண்ணும் இல்லை, சண்டையும் இல்லை. அவருக்குச் சந்தேகம் இருந்தா சீட்டைக் கொடுத்து டாக்டர்கிட்டயே கேட்கச் சொல்லுங்க. பெரிய ஆஸ்பத்திரியில் சுகவாழ்வு மையம்னு இதுக்குத் தனியா இடம் உண்டு. ஆம்பளைங்களும் போகலாம்.

வீட்டுக்காரர்கிட்ட எதைச் சொல்லணும்னா, அவர் உடம்பையும் உங்க உடம்பையும் பாதிக்கிற எதையும் மறைக்கக்கூடாதுங்கிறது என் அபிப்பிராயம். கல்யாணத்துக்கு முந்தின கதையெல்லாம் தோண்டி எடுத்துச் சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன், கேட்கிறதும் தப்பு. ஆனா "இன்னைக்கு முடியலை", "வலிக்குது", "அடுத்த குழந்தை இப்போ வேண்டாம்", இந்த மூணையும் வாய்விட்டுச் சொல்லணும். சொல்லியும் கேட்காமல் கட்டாயப்படுத்தினா, அது 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறைதான். 181க்குப் போன் பண்ணலாம்.

குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. காப்பர்-டி 5 வருஷம், 10 வருஷம்னு ரெண்டு வகை. அந்தரா ஊசி 3 மாசத்துக்கு ஒரு தடவை. சாயா மாத்திரை முதல் 3 மாசம் வாரத்துக்கு 2, அதுக்கு அப்புறம் வாரத்துக்கு 1. எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இதில் எதுக்கும் மாமியார் கையெழுத்து தேவையில்லை. வீட்டுக்காரரிடம் பேசி முடிவு பண்ணினா நல்லது. ஆனா குடிச்சிட்டு வந்து அடிக்கிற வீட்டில் பேசி என்ன ஆகப்போகுதுன்னு கேட்ட தங்கச்சிக்கு என்கிட்ட மறுபேச்சு இல்லை. அவ ஊசி போட்டுக்கிட்டது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

கருக்கலைப்பிலும் சட்டம் தெளிவாத்தான் இருக்கு. 18 வயசு ஆன பெண்ணுக்கு அவளோட சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்து சட்டத்தில் இல்லை. 1971ஆம் வருஷத்துச் சட்டத்தை 2021இல் திருத்தினாங்க. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் முடிவு பண்ணலாம். 20இல் இருந்து 24 வாரம் வரைக்கும் சில வகைப் பெண்களுக்கு ரெண்டு டாக்டர் பார்த்து முடிவு பண்ணணும். அந்தப் பெண்ணோட பேரையும் விவரத்தையும் டாக்டர் வெளியே சொன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் அல்லது அபராதம், ரெண்டும்கூட உண்டு. கல்யாணம் ஆகாத பெண்களுக்கும் 24 வாரம் வரைக்கும் அதே உரிமை உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் 2022 செப்டம்பரில் தீர்ப்பு சொல்லிடுச்சு. இது தெரியாமல் ரகசியம் காக்கணும்னு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தம் நிற்காமல் போய் விழுறாங்க. ரகசியத்தைக் காக்கிற சட்டம் ஆஸ்பத்திரிப் பக்கம் இருக்கு, மெடிக்கல் ஷாப் பக்கம் இல்லை.

இப்போ பிள்ளைங்க விஷயம். இதுதான் நமக்கு ரொம்பக் கஷ்டம். கல்யாணம் ஆகாத பெண்ணை வயித்து வலின்னு கூட்டிட்டுப் போறோம். டாக்டர் சிறுநீர் டெஸ்ட் எழுதுறாங்க, கர்ப்பமான்னு பார்க்க. உடனே நமக்குக் கோபம். "என் பொண்ணை என்னன்னு நெனச்சீங்க?" ஆஸ்பத்திரியில் சண்டை போட்ட அம்மாக்களை நான் பார்த்திருக்கேன். டாக்டர் அந்தப் பெண்ணோட மானத்தைக் கேட்கலை. அடிவயித்து வலின்னு எந்தப் பெண் வந்தாலும், நாள் தள்ளியிருந்தா கரு குழாயில் தங்கியிருக்குமோன்னு பார்க்க வேண்டியது அவங்க வேலை. குழாயில் கரு வெடிச்சா உள்ளே ரத்தம் கொட்டி சில மணி நேரத்தில் உயிர் போயிடும். எக்ஸ்ரே எடுக்கிறதுக்கு முன்னாடியும் கேட்பாங்க. வலிப்பு மாத்திரை சிலது கருவைக் கெடுக்கும், அதனால அதுக்கும் கேட்பாங்க. நாம பக்கத்தில் நின்னு முறைச்சா பொண்ணு என்ன சொல்லும்? "இல்லை"ன்னுதான் சொல்லும். இல்லைன்னு சொன்ன பொண்ணை நம்பி நாமளும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவோம்.

எல்லாத்தையும் என்கிட்ட சொல்லணும்னு பிள்ளைங்களை நெருக்குறதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாம நம்ம அம்மாகிட்ட எல்லாம் சொன்னோமா? எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. அவகிட்ட நான் சொல்லி வச்சிருக்கிறது, "என்கிட்ட சொல்ல முடியாததை டாக்டர்கிட்ட சொல்லு, நான் வெளியில உட்கார்ந்திருக்கேன், வெளியே வந்ததும் என்ன சொன்னேன்னு கேட்க மாட்டேன்." போன தடவை நெஜமாவே வெளியில உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம். அந்த பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும்.

ஆனா 18 வயசுக்குக் கீழே இருந்தா சட்டம் வேற. நம்ம மாவட்டத்தில் இன்னும் சின்ன வயசுக் கல்யாணம் நடக்குது, ஒளிச்சு மறைச்சுப் பேச வேண்டாம். 18 ஆகாத பெண் கர்ப்பமா வந்தா, கல்யாணம் ஆகியிருந்தாலும் இல்லைன்னாலும், போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். அவங்க நமக்குத் துரோகம் பண்றதா நினைக்கக்கூடாது, சொல்லலைன்னா அவங்க மேலயே வழக்கு வரும். இந்தப் பயத்தில் வயசை மாற்றிச் சொல்றதும், ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகாமல் இருக்கிறதும் நடக்குது. அந்தப் பிஞ்சு உடம்புக்கு அதுதான் பெரிய ஆபத்து. அதே 2022 தீர்ப்பில் இதுக்கும் ஒரு வழி சொல்லியிருக்காங்க. 18 ஆகாத பெண் கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் அவ பெத்தவங்களும் கேட்டுக்கிட்டா, போலீசுக்குச் சொல்லும் தகவலில் டாக்டர் அவ பேரையும் அடையாளத்தையும் எழுத வேண்டியதில்லை. இதை உங்க குழுவில் போய் மறக்காமல் சொல்லுங்க. 1098ஐயும் சொல்லுங்க.

தீர்மான நோட்டு விஷயத்துக்கு வர்றேன். கடன் எதுக்குன்னு கேட்கிறது நம்ம விதி. அது இருக்கட்டும், பணம் எல்லோரோடதும்தானே. ஆனா "மருத்துவச் செலவு"ன்னு எழுதினா போதாதா? குழந்தையின்மை, கர்ப்பப்பை, வெள்ளைப்படுதல்னு எழுதி, அதை வாசிச்சு, அடுத்த நாள் குழாயடியில் பேச்சாகிற வரைக்கும் விடணுமா? அந்தப் பெண் தவணை கட்ட வர்ற ஒவ்வொரு வாரமும், "என்ன, விசேஷம் உண்டா?"ன்னு கேட்டிருக்காங்க. அதுக்குப் பயந்தே ரெண்டு தடவை பணத்தை வேற ஆள்கிட்ட கொடுத்தனுப்பியிருக்கா. வட்டியும் அசலும் சரியாக் கட்டினவ, கூட்டத்துக்கு மட்டும் வரலை.

அதனால பொதுக்குழுவில் ரெண்டு கோரிக்கை வைக்கிறேன். மருத்துவக் கடனுக்கு நோட்டில் "மருத்துவச் செலவு"ன்னு மட்டும் எழுதணும். ஆஸ்பத்திரிச் சீட்டை ஊக்குநரும் பிரதிநிதியும் மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுக்கணும். ரெண்டாவது, நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் பின்பக்கம் ஒரு அறை இருக்கு. நாற்காலியும் விழா ஜமுக்காளமும் போட்டு வச்சிருக்கோம். அதைக் காலி பண்ணி ஒரு கதவும் தாழ்ப்பாளும் போட்டா, கிராம சுகாதார செவிலியர் அம்மா மாசம் ஒரு நாள் வந்து உட்கார ஒத்துக்கிட்டாங்க. ஒரு நேரத்தில் ஒருத்தர் மட்டும் உள்ளே போகணும். கதவுச் செலவுக்கு எங்க குழு 500 ரூபாய் தர்றதாப் போன வாரமே தீர்மானம் போட்டாச்சு. மீதிக்கு மத்த குழுக்கள் கை தூக்கணும்னு கேட்டுக்கிறேன்.

மைக்செட் தம்பி டீ குடிச்சிட்டு வந்துட்டார் போல.